கறுப்புத் திரை பழையதாகிவிட்டதா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் படிப்புக்குக் குறைவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். திருவட்டாறு, ஆற்றூர், குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் கணினி படித்துவிட்டு, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கும், வடக்கே சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போகிறார்கள். போகும்போது கையில் ஒரு சான்றிதழ் இருக்கிறது, காதில் ஒரு போதனை இருக்கிறது. "லினக்ஸ் டெர்மினல், வி.ஐ. எடிட்டர், கான்ஃபிக் கோப்பு எல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம். இப்போது கிளவுட் வந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் டேட்டாபேஸ் கிடைக்கும். பழுதானால் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். மிச்சத்தை ஏஐ பார்த்துக்கொள்ளும்."

இந்தப் போதனை தவறு. முதல் முறையாக ஒரு சர்வர் படுத்துக்கொள்ளும் இரவில் இதை நம்பியவர் வெறுங்கையோடு நிற்பார். அவரை நம்பித் தங்கள் கணக்கைக் கொடுத்தவர்களும் அவரோடு நிற்பார்கள்.

திருவட்டாறில் ரப்பர் ஷீட் வாங்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கடையின் கொள்முதல் கணக்கு உபுண்டு 18.04 கணினியில், மைஎஸ்கியூஎல் 5.7 மீது ஓடுகிறது. யாரோ ஒருவர் உபுண்டுவை 20.04-க்கு உயர்த்துகிறார், கூடவே மைஎஸ்கியூஎல் 8.0 வந்துவிடுகிறது. பழைய கான்ஃபிக் கோப்பு மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது. மறுநாள் காலை டேட்டாபேஸ் எழவில்லை. பில் போடும் திரையில் "கனெக்ட் செய்ய முடியவில்லை" என்ற ஒரே வாசகம். ஷீட்டோடு வந்தவர்கள் தராசுப் பக்கத்தில் காத்திருக்கிறார்கள்.

உதாரணம் கற்பனைதான், பழுது கற்பனையல்ல. உபுண்டு 18.04-இன் மைஎஸ்கியூஎல் கான்ஃபிக் கோப்பிலேயே 'குவெரி கேஷ்' பற்றிய இரண்டு வரிகள் இருந்தன: ஒன்று அதன் வரம்பு, மற்றது அதன் அளவு. அந்த வசதி 5.7-இலேயே கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டு, 8.0-இல் அடியோடு நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட ஓர் அமைப்பின் பெயரைக் கோப்பில் பார்த்தால் மைஎஸ்கியூஎல் சமாளித்துக்கொண்டு ஓடாது; அங்கேயே நின்றுவிடும். நிற்பதற்கு முன் எரர் லாகில் காரணத்தை எழுதிவைத்துவிட்டுத்தான் நிற்கும். 'அன்னோன் வேரியபிள்' என்ற சொற்கள், பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் எந்த வரி தனக்குப் புரியவில்லை என்பது. அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறி போட்டுவிட்டு மறுபடி கிளப்பினால் திரும்பவும் நிற்கும். இப்போது லாக் இரண்டாவது வரியைக் காட்டும். அதற்கும் ஒரு ஹேஷ். சர்வர் எழுந்துவிடும். 8.0.16 முதல், சர்வரைக் கிளப்பாமலே கான்ஃபிக் கோப்பை மட்டும் சோதித்துச் சொல்லும் வசதியும் உண்டு. லாகைத் திறந்து படிக்கவும் கோப்பில் இரண்டு குறிகள் போடவும் தெரிந்தவருக்கு மொத்த வேலையும் ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் முடியும்.

தெரியாதவர் என்ன செய்கிறார்? முதலில் கணினியை அணைத்துப் போடுகிறார். பிறகு இணையத்தில் கிடைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கிறார். கடைசியில் மைஎஸ்கியூஎல்லை முழுதாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார். நீக்கும்போது டேட்டாபேஸ்களையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று டெபியன் வழிவந்த லினக்ஸ்கள் ஒரு கேள்வி கேட்கும். பதற்றத்தில் 'யெஸ்' அழுத்தினால் பல வருடக் கொள்முதல் கணக்கு போயிற்று. இரண்டு ஹேஷ் குறிகளில் தீரவேண்டிய விஷயம்.

"பழுதானால் மறுநிறுவல்" என்ற பழக்கத்தின் கேடு இதுதான். டேட்டாபேஸ் என்பது ஒரு மென்பொருள் என்று மட்டும் நினைத்து அது வளர்ந்திருக்கிறது. மென்பொருள் மறுபடி கிடைக்கும், காசும் கிடையாது. அது பாதுகாத்து வைத்திருக்கும் தரவு உலகத்தில் வேறெங்கும் இல்லாமலிருக்கலாம். வெறும் இணையப் பக்கம் காட்டும் சர்வரை அழித்துவிட்டு மறுபடி போடலாம். அது நியாயமான வழிதான். டேட்டாபேஸ் சர்வரில் அதே வழி, நோயாளியை மாற்றிவிட்டு நோய் குணமானதாகச் சொல்வதற்குச் சமம்.

இந்தப் பழக்கத்தின் உடன்பிறப்பு ஒன்று உண்டு: '777'. அனுமதிச் சிக்கல் என்று சந்தேகம் வந்தவுடன் சிஎச்மோட் கட்டளையால் எல்லாக் கோப்புகளையும் எல்லோரும் எழுதலாம் என்று திறந்துவிடுவது. கணினி மையங்களில் இது சர்வரோக நிவாரணி போலச் சொல்லித்தரப்படுகிறது. டேட்டாபேஸ்கள் இதற்கு என்ன பதில் சொல்கின்றன என்று பார்த்தவர்கள் சொல்லித்தரமாட்டார்கள். எல்லோரும் எழுதக்கூடிய கான்ஃபிக் கோப்பை மைஎஸ்கியூஎல் நம்பாது. ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு அந்தக் கோப்பையே ஒதுக்கிவிடும். பிறகு அதில் எதை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. மாற்றியவர் மணிக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வார். போஸ்ட்கிரெஸ் இன்னும் கண்டிப்பு. அதன் டேட்டா அடைவு உரிமையாளருக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும். 11-ஆம் பதிப்பு முதல் குழுவினர் படிக்க மட்டும் அனுமதி உண்டு. அதற்கு மேல் திறந்திருந்தால் ஓடவே மறுக்கும். எஸ்எஸ்எச் சாவிக் கோப்பை இப்படித் திறந்துவிட்டால் தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழியும் அடைபடும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இந்த மூன்றையும் கெடுக்கும் கட்டளை ஒன்று மருந்தாக உலவுகிறது.

மின்சாரம் போகிற ஊர்களில் இந்தப் பாடம் இன்னும் அவசியம். 2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் குமரி முனைக்குத் தெற்கே கடந்தபோது மாவட்டம் முழுவதும் ரப்பர் மரங்களும் வாழைகளும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்காக இருட்டு. அந்த அளவுக்குப் போகவேண்டாம். சாதாரண மழைநாள் மின்தடையே போதும், யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன கணினியில் டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். இதற்காகவே மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, மாற்றங்களை முதலில் ரீடூ லாகில் எழுதுகிறது. போஸ்ட்கிரெஸ் 'வால்' எனப்படும் முன்பதிவுக் கோப்புகளில் எழுதுகிறது. மின்சாரம் வந்து சர்வர் கிளம்பும்போது அந்தப் பதிவைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள், பெரிய டேட்டாபேஸ் என்றால் அதற்கு மேலும் ஆகலாம். லாகைத் திறந்து வைத்திருப்பவருக்கு மீட்பு எங்கே வந்திருக்கிறது என்று வரிவரியாகத் தெரியும். அவர் பொறுத்திருப்பார்.

லாகைப் பார்க்காதவர் பொறுக்கமாட்டார். பாதி மீட்பில் சர்வரைக் கொல்வார். அதன் பின், ரீடூ லாக் கோப்புகளை அழித்தால் சர்வர் எழும் என்ற ஆலோசனையைக் கேட்டு அவற்றை அழிப்பார். தன்னைக் காப்பாற்றவென்று டேட்டாபேஸ் எழுதிவைத்த பதிவையே எடுத்துவிட்டால் அது எதை வைத்து மீளும்? போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துவோர் இதே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். வன்தட்டு நிறைந்ததும், 'எக்ஸ்லாக்' என்று பெயரிட்ட அடைவைக் கண்டு, ஏதோ பழைய லாக் குப்பை என்று துடைத்தார்கள். அது எவ்வளவு தூரம் போனது என்றால், 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அந்த அடைவின் பெயரையே 'வால்' என்று மாற்றினார்கள். இன்னோடிபியைக் கட்டாயப்படுத்திக் கிளப்ப 1 முதல் 6 வரை எண் கொடுக்கும் ஒரு கான்ஃபிக் வரியும் உண்டு. 4-ஐயோ அதற்கு மேலோ கொடுத்தால் தரவு நிரந்தரமாகக் கெடலாம் என்று மைஎஸ்கியூஎல் கையேடே எச்சரிக்கிறது. வரியை எழுதத் தெரிவதோடு அந்த எச்சரிக்கையைப் படிப்பதும் சேர்ந்ததுதான் திறமை.

"கையால் கட்டளை அடித்ததால்தானே பெரிய பெரிய விபத்துகள் நடந்தன?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப்பில் 2017 ஜனவரி 31 அன்று நடந்த விபத்து. அதை முழுதாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அந்த இரவு சொல்லும் கதை வேறு.

அன்று கிட்லேப்பின் போஸ்ட்கிரெஸ் சர்வர் மீது ஸ்பேம் காரணமாகச் சுமை ஏறியது. முதன்மை சர்வரின் மாற்றங்களை நகலெடுத்துக்கொண்டிருந்த இரண்டாவது சர்வர் பின்தங்கி நின்றுவிட்டது. நகலைப் புதிதாகத் தொடங்க முயன்றார்கள். நகல் இணைப்புகளின் எண்ணிக்கை போதவில்லை என்று போஸ்ட்கிரெஸ் சொன்னது. அந்த வரியை உயர்த்தினார்கள். இப்போது சர்வர் எழ மறுத்தது, செமஃபோர்கள் அளவுக்கு மீறிப்போயின என்றது. காரணம், அதிகபட்ச இணைப்பு 8000 என்று இருந்தது. அதை 2000 ஆக்கினார்கள், எழுந்தது. இதுவரை நடந்தது அத்தனையும் சரியான வைத்தியம்: சர்வர் சொன்னதைப் படித்தார்கள், ஒரு வரியை மாற்றினார்கள், விளைவைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு நகலெடுக்கும் கருவி ஒன்றும் பேசாமல் நின்றது. உண்மையில் அது முதன்மை சர்வர் வேலையைத் தொடங்கட்டும் என்று காத்திருந்தது. அந்த மௌனத்தின் பொருள் தெரியாமல், இரண்டாவது சர்வரின் டேட்டா அடைவை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்கலாம் என்று ஒரு பொறியாளர் முடிவு செய்தார். அழிக்கும் கட்டளை ஓடியது முதன்மை சர்வரில். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது.

பேக்கப்புகளைத் தேடினால், தினசரி பேக்கப் வைக்கும் கிடங்கு காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக ஓடி, தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்ற செய்தியை மின்னஞ்சலாக அனுப்பிக்கொண்டும் இருந்தது. கையொப்பச் சிக்கலால் அந்த அஞ்சல்கள் வாங்கும் இடத்திலேயே நிராகரிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட் நிறுவனத்தைக் காப்பாற்றியது. ஏறத்தாழ 5,000 திட்டப் பதிவுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் வரை போயின.

இதில் டெர்மினலைக் குற்றம் சொல்ல இடம் எங்கே இருக்கிறது? சர்வர் சொன்னதைப் படித்துக் கான்ஃபிக்கைத் திருத்திய கட்டங்கள் எல்லாம் வேலை செய்தன. காரணம் புரியாமல் "அழித்துவிட்டுத் தொடங்குவோம்" என்று முடிவெடுத்த இடத்தில்தான் சரிந்தது. யார் கண்ணிலும் படாத பிழைச் செய்திதான் பேக்கப் கிடங்கு காலி என்பதை மறைத்தது. கிட்லேப் அதன் பின் செய்யவேண்டியவை என்று பட்டியலிட்டதில், எந்த சர்வரில் நிற்கிறோம் என்று டெர்மினல் முனையிலேயே பளிச்சென்று தெரியும்படி ஷெல் கான்ஃபிக்கில் ஒரு வரியை மாற்றுவதும் இருந்தது. பட்டன் வைத்த திரைகளுக்கு மாற அவர்கள் முடிவெடுக்கவில்லை.

பட்டன் திரைக்கு அடுத்து வருவோம். பிஎச்பிமைஅட்மின் போன்றவை நல்ல கருவிகள்; டேபிளைப் பார்க்க, ஒரு பதிவைத் திருத்த வசதியானவை. ஆனால் அவை ஓடும் டேட்டாபேஸ் வழியாகத்தான் பேசுகின்றன. டேட்டாபேஸ் எழாதபோது அந்தத் திரையால் ஒன்றும் செய்ய முடியாது. பல கன்ட்ரோல் பேனல்கள் தங்கள் சொந்தக் கணக்கையே அதே மைஎஸ்கியூஎல்லில் வைத்திருக்கின்றன. அந்த நேரத்தில் மிஞ்சுவது எஸ்எஸ்எச் இணைப்பு ஒன்று, கறுப்புத் திரை ஒன்று, அதில் ஒரு எடிட்டர்.

எந்த எடிட்டர் என்பதில் சண்டை வேண்டாம். நேனோ எளிது, அதிலேயே எல்லாக் கான்ஃபிக் வேலையும் செய்யலாம். வி.ஐ.-யைக் கற்றுக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் வேறு. அந்நிய ஊர் சர்வரில் நுழைந்தாலும், மீட்பு முறையில் கிளம்பிய கணினியில் நுழைந்தாலும் அது பெரும்பாலும் அங்கே இருக்கும். பில் ஜாய் 1976 வாக்கில் பெர்க்லியில் அதை எழுதியபோது வீட்டிலிருந்து 300 பாட் வேக மோடத்தில் வேலை செய்யவேண்டியிருந்தது. அதனால்தான் ஒவ்வொரு கட்டளையும் ஓர் எழுத்து, ஈரெழுத்து. பேச்சிப்பாறைப் பக்கம் செல்போன் சிக்னல் ஒரு கோட்டில் தொங்கும்போது, தொலைவிலுள்ள சர்வரின் திரையைப் படமாக இழுத்துவரும் கருவிகள் திணறும். எஸ்எஸ்எச் வழி வி.ஐ. நடக்கும். இணைப்பு அறுந்தாலும், 1991-இல் பிராம் மூலெனார் வெளியிட்ட விம் தன் ஸ்வாப் கோப்பிலிருந்து பாதித் திருத்தத்தை மீட்டுத் தரும். டாக்கரில் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் இமேஜில் அதுகூட இருக்காது என்பதும் உண்மை. அங்கே கேட், கிரெப், செட் ஆகியவற்றை வைத்துச் சமாளிக்கத் தெரியவேண்டும்.

விம்மிலிருந்து வெளியேறத் தெரியவில்லை என்ற கேள்வியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 2017-க்குள் பத்து லட்சம் முறை பார்த்திருந்தார்கள். வி.ஐ. கடினம் என்பதற்கு இதைச் சான்றாகச் சொல்கிறார்கள். எஸ்கேப் விசை, முக்காற்புள்ளி, கியூ, வியப்புக்குறி, என்டர்: இவ்வளவுதான் விடை. இதைச் சொல்லித்தர ஒரு வகுப்பின் பாதி நேரம்கூட ஆகாது. பத்து லட்சம் முறை தேடவேண்டி வந்ததென்றால் யாரும் அந்த அரை வகுப்பை எடுக்கவில்லை.

எடிட்டர் தெரிவதன் இன்னொரு பயன், கண்ணுக்குத் தெரியாததைக் காண்பது. விண்டோஸ் நோட்பேடில் புதிதாக எழுதிய கான்ஃபிக் கோப்பின் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு கூடுதல் எழுத்து ஒட்டிக்கொள்ளும். 2018 வரை நோட்பேடுக்கு யூனிக்ஸ் வரி முடிவைச் சரியாகக் காட்டவே தெரியாது. யூடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் குறி ஒன்றும் நுழையலாம். அப்போது மைஎஸ்கியூஎல், தலைப்புக்கு முன்பே ஓர் அமைப்பு இருக்கிறது என்று புகார் சொல்லும். கோப்பைப் பார்த்தால் முதல் வரியே தலைப்பு. எந்தத் தவறும் தெரியாது. விம்மில் கோப்பை யூனிக்ஸ் வடிவமாகத் திறக்கச் சொன்னால் வரி முடிவின் கூடுதல் எழுத்து வெளிப்படும். நோபாம் என்று அமைத்துச் சேமித்தால் அந்த மூன்று பைட் போய்விடும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து நகலெடுத்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறிகளும் இதே கதைதான்.

தமிழ் வேலை செய்கிறவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்ப விவகாரமாக இருக்கவே முடியாது. மைஎஸ்கியூஎல் 1995-இல் ஸ்வீடனில் பிறந்தது, 2018-இல் 8.0 வரும்வரை அதன் இயல்பான எழுத்துத் தொகுப்பு லத்தீன்1, வரிசைமுறை ஸ்வீடிஷ். தமிழ்த் தளங்கள் பலவும் அந்த இயல்பிலேயே டேபிள் போட்டு யூனிக்கோடு தமிழை உள்ளே தள்ளின. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே தவறான வழி என்பதால் தமிழ் சரியாகத் தெரிந்தது. வேர்ட்பிரஸ் 2.2-இல் எழுத்துத் தொகுப்பைக் கான்ஃபிக் கோப்பில் குறிக்கும் வசதி வந்தது. அதை நிரப்பியதும், அல்லது சர்வரை மாற்றியதும், தமிழ் முழுவதும் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரியத் தொடங்கும். "டேட்டாபேஸ் கெட்டுவிட்டது, கட்டுரைகள் போய்விட்டன" என்று கைவிடுவார்கள்.

ஒன்றும் போகவில்லை. டேபிளில் இருப்பவை சரியான யூனிக்கோடு பைட்கள். அவற்றின் மேல் ஒட்டிய சீட்டுதான் தப்பு. மைஎஸ்கியூஎல்டம்ப் கருவிக்கு லத்தீன்1 என்றே சொல்லி எடுத்தால் அது எந்த மாற்றமும் செய்யாமல் பைட்களை அப்படியே கோப்பில் கொட்டும். அந்தக் கோப்பை எடிட்டரில் திறந்தால் நல்ல தமிழ் கண்ணில் படும். இணைப்பின் எழுத்துத் தொகுப்பைச் சொல்லும் மேல்வரியிலும், ஒவ்வொரு டேபிள் வரையறையின் கடைசியிலும் இருக்கும் லத்தீன்1-ஐ யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றிவிட்டு மறுபடி ஏற்றவேண்டும். கோப்பு சில ஜிபி இருந்தால் சாதாரண எடிட்டர் மூச்சுத் திணறும். செட் கட்டளை வரிவரியாக ஓடி முடித்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு லத்தீன்1 என்ற எழுத்துகள் வரும் இடமெல்லாம் மாற்றக் கூடாது, கட்டுரைக்குள்ளேயே யாராவது அதைப் பற்றி எழுதியிருக்கலாம். முதலில் ஒரு நகலில் செய்து பார்க்கவேண்டும். தொலைந்ததாக நினைத்த தமிழைத் திருப்பிக் கொண்டுவரும் இந்த வேலைக்கு எந்தப் பட்டனும் கிடையாது.

எம்பி4 என்ற அந்த வால் ஏன் முக்கியம் என்பதற்கு இந்த மாவட்டத்து நாஞ்சில் நாட்டிலேயே காரணம் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்று நெடுங்காலம் இருந்தது ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் கொள்ளும். நாம் அன்றாடம் எழுதும் தமிழ் எழுத்துகள் மூன்று பைட்தான், பிரச்சினை வராது. ஆனால் முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளும் 2019-இல் யூனிக்கோடு 12-இல் 'தமிழ் சப்ளிமெண்ட்' என்ற தனித் தொகுதியாக, 51 குறிகளோடு சேர்ந்தன. அவை நான்கு பைட். அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் போன்ற ஆவணங்கள் கிடைத்த மண் இது. இப்படிப்பட்ட ஒரு நிலக் கணக்கை யாராவது அந்தக் குறிகளோடு டேட்டாபேஸில் ஏற்ற நினைத்தால், பழைய அமைப்பில் அது ஏறாது. கண்டிப்பு முறை இயங்கினால் பிழை சொல்லி மறுக்கும். கண்டிப்பு இல்லாத பழைய சர்வரில் அந்த இடத்தோடு வாக்கியத்தைத் துண்டித்துவிட்டு, ஏற்றியதாகச் சொல்லிவிடும். ஒரு கான்ஃபிக் வரி யாருக்கும் தெரியாமல் ஓர் ஆவணத்தைப் பாதியில் வெட்டிவிடும்.

"கிளவுடில் இதெல்லாம் வேண்டாமே" என்பது அடுத்த வாதம். அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில் கான்ஃபிக் கோப்பைத் தொட முடியாது என்பது சரிதான். அதற்குப் பதில் 'பாராமீட்டர் குரூப்' என்று ஒரு பட்டியல் தருகிறார்கள். திறந்து பார்த்தால் அதே பெயர்கள், அதே எண்கள். அதிகபட்ச இணைப்பு எத்தனை என்ற இடத்தில், நினைவகத்தை 12582880-ஆல் வகுக்கும் ஒரு சூத்திரம் இருக்கும். ஏறக்குறைய 12 எம்பிக்கு ஓர் இணைப்பு. 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' என்று பிழை வரும்போது அந்த எண்ணின் பொருள் தெரியாதவர் பெரிய கணினியை வாடகைக்கு எடுப்பார், மாதாமாதம் பணம் கட்டுவார். இணைப்புகளை மூடாமல் விட்டுவிட்ட ஒரு நிரல்தான் காரணம் என்று தெரிந்தவர் அதைத் திருத்துவார். சில அமைப்புகள் மறுபடி கிளப்பும்வரை அமலுக்கு வராது என்பதும் கிளவுடில் மாறிவிடவில்லை.

தானியங்கிக் கருவிகள் பற்றிய வாதத்தில் நியாயம் உண்டு. நூறு சர்வர்களை ஒவ்வொன்றாகத் திறந்து கையால் திருத்துவது தவறு. அதற்கு ஆன்சிபிள் போன்றவை வேண்டும். ஆனால் ஆன்சிபிள் கோப்பும் வெறும் எழுத்துக் கோப்புதான், ஓர் இடைவெளி பிசகினாலும் பொருள் மாறும். தவறான வரியை அது நூறு சர்வருக்கும் நொடியில் கொண்டுசேர்க்கும். 2025 நவம்பர் 18 அன்று, பல இணையதளங்களின் போக்குவரத்தைக் கையாளும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் ஒரு டேட்டாபேஸின் அனுமதி அமைப்பை மாற்றினார்கள். ஒரு குவெரி அதன் விளைவாக இரட்டை வரிகளைத் தரத் தொடங்கியது, அதிலிருந்து உருவான கோப்பு இரு மடங்கானது. 200 அம்சங்கள்தான் வரும் என்று எழுதப்பட்ட நிரல் அந்தக் கோப்பைப் படித்து விழுந்தது. அந்தக் கோப்பு உலகமெங்கும் தானாகப் பரவியதால் எக்ஸ், சாட்ஜிபிடி உட்படப் பல தளங்கள் முடங்கின. முதலில் யாரோ தாக்குகிறார்கள் என்றே நினைத்தார்கள். கடைசியில் கெட்ட கோப்பின் பரவலை நிறுத்தி, பழைய நல்ல கோப்பைக் கையால் உள்ளே வைத்துத்தான் மீண்டார்கள்.

ஏஐ? நல்ல உதவியாள், லாகிலுள்ள சரியான வரியைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியான திசையைக் காட்டும். அந்த வரி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த உதவி கிடைக்கும். "டேட்டாபேஸ் ஓடவில்லை" என்று மட்டும் கேட்பவருக்குப் பத்துச் சாத்தியங்கள் கிடைக்கும், அதில் 777-உம் மறுநிறுவலும் இருக்கும். சாவியையே அதன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2025 ஜூலையில் நிரல் எழுதும் தளமான ரெப்ளிட் காட்டியது: எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும் அதன் ஏஐ முகவர் ஒரு வாடிக்கையாளரின் நடப்பு டேட்டாபேஸை அழித்தது, நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஏஐ தரும் கட்டளையை ஓட்டும் முன் அது என்ன செய்யும் என்று படித்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தே ஆகவேண்டும்.

இதைக் கற்றுக்கொள்ளப் பெரிய செலவு இல்லை. லினக்ஸ், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், விம் எல்லாமே இலவசம். தமிழக அரசு 2011 முதல் கொடுத்த மடிக்கணினி ஒன்று வீட்டில் தூசி படிந்து கிடந்தால் அதுவே போதும். ஆங்கிலம் தடை என்றால், 2012 முதல் வெளிவரும் கணியம் இதழும், நித்யா துரைசாமியின் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்', 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' நூல்களும் விலையில்லாமல் கிடைக்கின்றன. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸ் கணினியிலேயே பாடம் படிக்கிறார்கள். டெக்னோபார்க் நேர்காணலுக்குத் திருவட்டாறுப் பிள்ளை போகும்போது பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

மாவட்டத்துக் கல்லூரிகள் அடுத்த பருவத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. செய்முறைத் தேர்வில், டேபிள் போட்டுக் காட்டு என்று கேட்பதை விட்டு, கெடுத்துவைத்த ஒரு சர்வரைக் கொடுக்கட்டும். ஒன்றில் கான்ஃபிக் வரியில் ஓர் எழுத்துப்பிழை, ஒன்றில் நிறைந்த வன்தட்டு, ஒன்றில் 777 அனுமதி, ஒன்றில் குப்பையாகத் தெரியும் தமிழ் டேபிள். ஒரு மணி நேரம். இணையம், ஏஐ எல்லாம் தாராளமாக இருக்கட்டும். மாணவர் ஒப்படைக்க வேண்டியவை மூன்று: லாகில் தான் கண்ட வரி, திருத்தும் முன்னும் பின்னும் கோப்பை ஒப்பிட்ட டிஃப், சர்வர் ஏன் நின்றது என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பத்தி. சர்வர் ஓடினால் பாதி மதிப்பெண், அந்தப் பத்திக்கு மறுபாதி. மதிப்பெண் போடும் முன், தேர்வுக்கு முன்பிருந்த பதிவுகள் அத்தனையும் டேபிளில் இருக்கின்றனவா என்று ஆசிரியர் எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு பதிவு குறைந்தாலும் அந்தத் தாள் தேறாது.